டாலர் ஸ்பாட் நோய்க்கு வானிலை பார்த்து மருந்தடித்தல்: பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி கோல்ஃப் கிரீன்களில் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை), பென்ட்கிராஸ் புல்லுக்கு டாலர் ஸ்பாட் என்னும், நாணய அளவில் வெளிறிய புள்ளிகள் போடும் பூஞ்சை நோய் வராத கோடை கிடையாது. வழக்கமாக நாள் கணக்கு வைத்து 14 நாளுக்கு ஒரு பூஞ்சைக்கொல்லித் தெளிப்பு ஓடும். அதை விட்டுவிட்டு வானிலையை வைத்து நோயைக் கணிக்கும் ஸ்மித்-கெர்ன்ஸ் முறையைப் பல பருவங்களாகப் பயன்படுத்தியதில் தெரிந்தவை இவை.

கணக்கு எளிது. கடைசி 5 நாட்களின் சராசரி வெப்பநிலையும் ஈரப்பதமும் போதும். நோய் வரும் வாய்ப்பு சதவீதத்தில் கிடைக்கும். ஈரப்பதம் 70 சதவீதமாக இருக்கும்போது வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் என்றால் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். அதுவே 20 டிகிரி ஆனால் 22 சதவீதத்துக்குப் போய்விடும். 20 சதவீதத்தைத் தாண்டினால் தெளிக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. தெளித்த மருந்தின் லேபிளில் உள்ள பாதுகாப்பு நாட்கள் முடியும் வரை எண் எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை. முடிந்த அன்று வரம்புக்குக் கீழே இருந்தால் காத்திருக்கலாம். வறண்ட வாரங்களில் மிச்சமாகும் தெளிப்புகள் இப்படித்தான் வருகின்றன. சராசரி வெப்பநிலை 10க்குக் கீழோ 35க்கு மேலோ போனால் இந்தக் கணக்கு செல்லாது.

குறைக்க வேண்டியது தெளிக்கும் தடவையைத்தான், அளவை அல்ல. பாதி டோஸ் அடித்தால் நோய் முழுதாக அடங்காது, மருந்துக்கு அசராத பூஞ்சையும் பெருகும். டாலர் ஸ்பாட் பூஞ்சை ஏற்கெனவே பல மருந்து வகைகளுக்குப் பழகிவிட்ட ஒன்று. இலையில் படிய வேண்டிய மருந்து என்பதால் எக்டேருக்கு 400 முதல் 800 லிட்டர் தண்ணீர் தேவை. தண்ணீரைச் சுருக்கினால் பலன் குறைகிறது.

அதிகம் தொல்லை தருவது ஈரப்பத சென்சார். விமான நிலையத் தரவை நம்பினால், மரம் சூழ்ந்த பள்ளத்துக் கிரீனில் எண் 15 காட்டும்போதே பூஞ்சையின் வெள்ளை நூல் காலையில் தெரியும். சொந்த வானிலை நிலையம் வைத்தாலும் சென்சார் காட்டும் அளவு மெல்ல விலகும். சோதிக்க வழி: மூடி போட்ட டப்பாவில் சாப்பாட்டு உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, உப்பில் படாமல் சென்சாரை வைத்து, அறை வெப்பநிலையில் இரவு முழுக்க விடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 5 புள்ளி கூடக் காட்டினால் வீண் தெளிப்பு. குறைத்துக் காட்டினால் நோய் முந்திக்கொள்ளும்.

கணிப்பு மட்டும் போதாது. விடிந்ததும் புல் மேலுள்ள பனித்துளியை அகற்றுவது பெரிய உதவி. புல் வெட்டாத நாளில் ரோலர் ஓட்டினாலே போதும். பசித்த புல்லில்தான் இந்த நோய் பாயும், எனவே கோடையில் வாரத்துக்கு எக்டேருக்கு 5 கிலோ நைட்ரஜன் தெளிப்பாகக் கொடுப்பது நல்லது. பித்தியம், பிரவுன் பேட்ச் என்னும் வேறு புல் நோய்கள் இரண்டுக்கும் இந்த எண் எதுவும் சொல்லாது. இரவும் புழுக்கமாக இருக்கும் வாரங்களில் அவற்றைத் தனியே கவனியுங்கள்.

தொடங்குகிறவர்கள் எல்லாக் கிரீனிலும் ஒரே நேரத்தில் மாற வேண்டாம். முதல் பருவம் பயிற்சிக் கிரீனில் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு தெளிப்பின்போதும் அங்கே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, மருந்து படாத இடம் ஒன்று விடுங்கள். அடுத்த முறை வேறிடத்தில் போடுங்கள். எண் 20ஐத் தாண்டியும் அந்த இடம் சுத்தமாகவே இருந்தால், நோய் தாங்கும் புல் ரகம் உள்ள இடங்களில் வரம்பை 30 வரை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம்.