விட்டுப்போன விண்டோவைத் தானாக மூட: பவர்ஷெல்லா, ஓட்டோஹொட்கீயா?

பரந்தனில் எங்கள் கொமினிகேசன் கடைக்கு மல்லாவிப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். மெயிலைத் திறந்திருக்கும்போதே பஸ் ஹோர்ன் கேட்கும், அப்படியே எழும்பி ஓடுவார்கள். அடுத்து வந்து இருப்பவருக்கு முன்னவரின் கடிதமெல்லாம் கண்முன்னே. பத்து நிமிடம் யாரும் தொடாத விண்டோவை மூட ஸ்கிரிப்ட் (கணினிக்கு எழுதிக் கொடுக்கும் சிறு கட்டளைத் தொகுப்பு) தேடியது அதனால்தான்.

கட்டளை எழுதி ஓட்டும் பவர்ஷெல் விண்டோஸோடேயே வருகிறது, தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஆனால் கை படாத நேரத்தை அறிய 'கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ' என்ற விண்டோஸ் செயலைக் கூப்பிட வேண்டும், அதற்குச் சீ ஷார்ப் என்ற நிரல்மொழியில் சில வரிகள் சேர்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் தானாகத் தொடங்க விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டால், மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற தெரிவில் முதலிலேயே டிக் இருக்கும். கரண்ட் போய் லப்டொப் பட்டரியில் ஓடிய நாளில் என் ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை. டிக்கை எடுத்தபின் சரி.

சிறு வேலைகளைத் தானாகச் செய்விக்கும் ஓட்டோஹொட்கீயும் இலவசம்தான். 'ஏ_டைம்ஐடில்' என்ற ஒரே சொல் கை படாத நேரத்தை மில்லிசெக்கனில் தந்துவிடும். பத்து நிமிடம் என்றால் 6,00,000. ஆனால் இரண்டு வழியிலும் ஒரே பொறி இருக்கிறது: இவை அளப்பது முழுக் கணினியும் சும்மா இருந்த நேரத்தை. புதியவர் தட்டத் தொடங்கியதும் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும், பழைய மெயில் அடியில் திறந்தபடியே கிடக்கும். ஆகவே ஐந்து செக்கனுக்கு ஒருக்கால், அந்த விண்டோ முன்னால் நிற்கிறதா என்று 'வின்அக்டிவ்' மூலம் பார்த்து, கடைசியாக நின்ற நேரத்தைக் குறித்து வைத்து, அதிலிருந்து பத்து நிமிடம் போனால் மூட வேண்டும். ஓட்டோஹொட்கீயில் இது பத்துப் பன்னிரண்டு வரிதான். என் தெரிவு அதுவே.

லினக்ஸில் முழுக் கணினியும் சும்மா இருந்த நேரத்தை 'எக்ஸ்பிரின்ட்ஐடில்' தரும், விண்டோவை 'டபிள்யூஎம்கன்ட்ரோல்' மூடும், வேலண்ட் என்ற புதிய திரை முறையில் மட்டும் இவற்றை நம்ப வேண்டாம்.

எதை எடுத்தாலும் மூடும் கட்டளையில் கவனம். தொடக்கத்தில் நான் 'வின்கில்' போட்டேன். அது முதலில் மரியாதையாக மூடப் பார்க்கும், மூடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் நிரலையே கொன்றுவிடும். ஒரு பிள்ளை சுயவிபரக் கோவையைத் தட்டிக்கொண்டிருந்தவள், போட்டோக்கொப்பி எடுக்கப் போய் வருவதற்குள் இரண்டு பக்கமும் போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்ப முதல் வரியிலிருந்து தட்டியதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. அன்றே, மூடச் சொல்லிக் கேட்பதோடு நிற்கும் 'வின்குளோஸ்' ஆக மாற்றினேன். பவர்ஷெல்லில் இதற்கு நிகர் 'குளோஸ்மெயின்விண்டோ', 'கில்' அல்ல.

விண்டோ மூடினாலும் மெயில் லொக் அவுட் ஆகிவிடாது. அதற்காக பிரவுசரை, மூடியதும் எதையும் நினைவில் வைக்காத கெஸ்ட் முறையில்தான் திறந்து கொடுக்கிறேன். வேர்ட் 'சேமிக்கவா?' என்று கேட்டு நின்றால் நிற்கட்டும், நானே எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.