பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கென்றே செய்த மூன்று ஃபிலிம் கேமராக்கள்: என் ஓட்டு எதற்கு?

லைக்கா எம்பி, கேனான் நியூ எஃப்-1 ஹைஸ்பீடு, நிக்கான் எஃப்3பி. மூன்றுமே செய்தித்துறையினரின் தேவைக்காகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. இன்று மூன்றும் சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கின்றன. நான் விலையை விட்டுவிட்டு, வேலைக்கு எது உதவியிருக்கும் என்று மட்டும் பார்க்கிறேன்.

எம்பி 1956-57-இல் வந்தது. லைக்காவின் எம்3 கேமராவின் பாடிதான் (லென்ஸ் இல்லாத உடல் பகுதி). அதன் அடித்தட்டில் லைக்காவிட் என்ற விசையைப் பொருத்தினார்கள். கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே விரலால் அதை இழுத்து அடுத்த ஃபிரேமுக்குப் போகலாம். சத்தம் குறைவு, பேட்டரியே கிடையாது. இதற்கு முன்னோடி, 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக 1955-இல் நான்கே நான்கு செய்த எம்3டி. அதில் ஒன்று 2012-இல் வியன்னா ஏலத்தில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. கொரியப் போரில் லைக்கா பாடியில் நிக்கானின் நிக்கார் லென்ஸ் மாட்டிப் படமெடுத்து, ஜப்பானிய லென்ஸ்களுக்கு அமெரிக்காவில் பெயர் வாங்கித் தந்தவரும் இதே டங்கன்தான். ஆனால் எம்பியை வைத்துக்கொண்டு மைதானத்தின் அடுத்த கோடியில் ஓடுபவரை எடுக்க முடியாது. எம்பி ஒரு ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் கேமரா. தூரத்தை அருகில் காட்டும் நீண்ட டெலி லென்ஸுக்கு அது ஒத்துவராது.

அந்த வேலைக்குத்தான் கேனான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்தது, நொடிக்கு 14 ஃபிரேம். சாதாரண எஸ்எல்ஆரில் (லென்ஸ் வழியாக வரும் காட்சியைக் கண்ணாடி மூலம் வ்யூஃபைண்டரில் காட்டும் கேமரா) ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலே எழும்பி இறங்க வேண்டும். வேகத்துக்கு அதுதான் முட்டுக்கட்டை. கேனான் அந்தக் கண்ணாடியை அசையாமல் நிறுத்தி, ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாக ஆக்கிவிட்டது. இதில் இன்னொரு பெரிய வசதியும் கிடைத்தது: படம் விழும் கணத்தில் வ்யூஃபைண்டர் இருட்டாவதில்லை. தடை தாண்டுபவரின் கால் எங்கே இருந்தது என்று எடுத்தவருக்கு அப்போதே தெரியும்.

இதற்குக் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. ஒளியில் ஒரு பங்கு ஃபிலிமுக்குப் போகாமல் மேலே திரும்பிவிடும், அதனால் மாலை ஆட்டங்களில் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். படலத்தில் தூசியோ கீறலோ விழுந்தால், ஒளி அதன் வழியாகத்தான் ஃபிலிமுக்குப் போயாக வேண்டும். 36 ஃபிரேம் ரோல் மூன்று நொடிகூடத் தாங்காது. கோல் விழும் நேரத்தில் ரோல் மாற்றிக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை இந்தத் தொழிலில் உண்டா?

என் ஓட்டு எஃப்3பிக்கு. 1980-இல் வந்த எஃப்3-இன் பத்திரிகைப் பதிப்பு இது. கடையில் விற்காமல் செய்தித்துறையினருக்கு மட்டும் கொடுத்தார்கள். சாதாரண எஃப்3-இல் ஃபிளாஷ் மாட்டும் இடம் ஃபிலிம் சுற்றும் குமிழைச் சுற்றி இருக்கும். ரோல் மாற்றவேண்டுமென்றால் முதலில் ஃபிளாஷைக் கழற்றியாக வேண்டும். நெரிசலில் நின்று வேலை பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! எஃப்3பியில் டைட்டானியம் வ்யூஃபைண்டரின் தலையிலேயே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ வைத்துவிட்டார்கள். ஷட்டர் வேக டயலை உயரமாக்கினார்கள், கையுறையோடும் திருப்பலாம். ஈரம் புகாமல் இருக்க ரப்பர் அடைப்புகள் போட்டார்கள். செல்ஃப் டைமர், ஒரே ஃபிரேமில் பல படம் எடுக்க உதவும் மல்டிபிள் எக்ஸ்போஷர் நெம்புகோல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அவசரத்தில் கை பட்டுக் காரியத்தைக் கெடுப்பவை அவைதானே.

குறை இல்லாமல் இல்லை. ஷட்டர் பேட்டரியை நம்பியது. அது தீர்ந்தால் 1/60 நொடி அளவில் ஒரே ஒரு மெக்கானிக்கல் வேகம்தான் மிஞ்சும். ஃபிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டார் டிரைவ் மாட்டினாலும் நொடிக்கு ஆறு ஃபிரேம் அளவுதான், கேனானின் பாதிகூட இல்லை. ஆனால் மழையில் ஊர்வலம், இரவில் விமான நிலையம், மறுநாள் மைதானம் என்று ஒரே ஆளை அனுப்பும் ஆசிரியரிடம் வேலை பார்ப்பவருக்கு ஆறே தாராளம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 1993-இல் நிக்கான் இதையே எஃப்3 லிமிடெட் என்று ஜப்பானில் பொதுமக்களுக்கும் விற்றது. பத்திரிகைக்காரர் கையில் அடிபடாத பாடி வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள். கேனான்தான் வேண்டும் என்பவர்கள் லென்ஸைக் கழற்றி, அந்தப் படலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.