குளிர்காலச் சைக்கிள் பயிற்சி: ட்ரெயினரைவிட ஃபேனுக்கு யோசித்துச் செலவு பண்ணுங்கள்

டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள் என்றால், வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாளில் வெளியே சைக்கிள் ஓட்டுவது அத்தோடு சரி. டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும், பனி விழுந்தால் சாலை முழுக்க உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் செயினையும் கேசட்டையும் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) அரித்துத் தள்ளிவிடும். ஆக மார்ச் முடியும்வரை வீட்டுக்குள்தான். சில குளிர்காலங்களாக என் சைக்கிள் உட்கார்ந்திருப்பது வாஹூ கம்பெனியின் கிக்கர் கோர் என்ற ட்ரெயினர் மேல். அதை இயக்கும் ஆப் என்று பார்த்தால் ஸ்விஃப்ட், ட்ரெய்னர்ரோடு, மைவூஷ் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன். அக்டோபர் வந்தாலே "எதை வாங்கலாம்" என்று யாராவது கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நடுத்தர விலையில் ட்ரெயினர், ஒரே ஒரு ஆப், மிச்சக் காசுக்கு நல்ல ஃபேன். ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ட்ரெயினர். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை இந்தப் பெட்டியின் கேசட்டில் நேராக மாட்டிவிடுவோம். உள்ளே ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம், அதைப் பிடித்து இழுக்கும் மின்காந்தம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஆப் புளூடூத் வழியாகவோ ஆன்ட் பிளஸ் வழியாகவோ சொல்லும். கோர் மாடலில் ஃப்ளைவீல் 5.4 கிலோ, 1800 வாட் வரை தாங்கும், 16 சதவீதம் வரை ஏற்றத்தைக் காட்டும், வாட் கணக்கில் 2 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதே கம்பெனியின் பெரிய கிக்கரில் 7.3 கிலோ, 2200 வாட், 20 சதவீத ஏற்றம், 1 சதவீதத் துல்லியம். டாக்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் நியோவில் நிஜ ஃப்ளைவீலே கிடையாது, மோட்டாரை வைத்தே சமாளிக்கிறார்கள், அது 25 சதவீத ஏற்றம் என்று சொல்லும். பெரிய மாடல்களுக்கு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இப்போது இந்த எண்களைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். 1800 வாட் யார் மிதிக்கப் போகிறார்கள்? என்னோடு ஓட்டுகிறவர்களில் நல்ல ஸ்பிரின்டருக்கே சில நொடிகள் ஆயிரத்துச் சொச்சம் வந்தால் பெரிது. ஏற்றம் இன்னும் வேடிக்கை. ஸ்விஃப்டில் 'ட்ரெயினர் டிஃபிகல்டி' என்று ஒரு செட்டிங் உண்டு, நாம் தொடாவிட்டால் அது பாதியில் நிற்கும், அதாவது திரையில் 16 சதவீத ஏற்றம் வந்தால் கால் உணர்வது 8 சதவீத அளவுக்குத்தான். பெட்டியில் போட்டிருக்கும் 20, 25 எல்லாம் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் தொடாத எண். துல்லியத்துக்கும் அதே கதைதான்: 250 வாட்டில் 2 சதவீதம் என்றால் 5 வாட். திறனை அளக்கும் டெஸ்டையும் பயிற்சியையும் ஒரே ட்ரெயினரில் செய்தால் அந்த 5 வாட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பயிற்சிக்குக் குறை ஒன்றுமில்லை. பந்தயத்துக்குப் போகிறவர்கள் கதை வேறு, அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

முறையாகத் திட்டம் போட்டுப் பயிற்சி செய்கிறவருக்குத் தேவை எர்க் மோடு ஒன்றுதான், அது எல்லா ஸ்மார்ட் ட்ரெயினரிலும் இருக்கிறது. ஆப் 216 வாட் என்று கேட்டால் ட்ரெயினர் 216 வாட்டிலேயே பிடித்து நிறுத்தும். மெதுவாக மிதித்தால் பாரம் கூடும், வேகமாக மிதித்தால் குறையும், கணக்கு அதே. கியர் மாற்ற வேண்டாம், எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். உதாரணத்துக்கு, எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய வாட்) 240 இருக்கிறவர் அதில் 90 சதவீதத்தில் 12 நிமிடம், நடுவே 4 நிமிட இளைப்பாறல், இப்படி மூன்று தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டு பேசிக்கொண்டே போய்விடும். இரண்டாவதில் எட்டாவது நிமிடத்துக்கு மேல் பேச்சு நின்றுவிடும். மூன்றாவதில்தான் மெஷின் நம்மைப் பதம் பார்க்கும்: கால் சோர்ந்து நிமிடத்துக்கு 90 சுற்று 75 ஆகும், வாட்டைக் காப்பாற்ற ட்ரெயினர் பாரத்தை ஏற்றும், ஏற்றியதால் 60 ஆகும், இன்னும் ஏற்றும், அப்புறம் மிதி அசையவே அசையாது. சேற்றில் மாட்டிக்கொண்ட நிலை. வழி ஒன்றுதான். மிதிப்பதை நிறுத்தி, பாரம் இறங்கும்வரை விட்டு, வேகமாகச் சுற்ற ஆரம்பித்து மறுபடி பயிற்சிக்குள் போக வேண்டும். அதற்கு முன்பே 80க்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் பெட்டியில் எழுதித் தருவதில்லை. எர்க்கில் ஓட்டும்போது முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் நடுக் கியர் என்று வையுங்கள். ஃப்ளைவீல் மெதுவாகச் சுற்றும், ட்ரெயினர் வாட்டை நிதானமாகப் பிடிக்கும், சத்தமும் குறையும். பெரிய பல்சக்கரத்தில் ஓட்டினால் சமதளத்தில் பறக்கிற மாதிரி இருக்கும், ஆனால் குறைந்த வாட்டில் எர்க் தடுமாறும். 15 நொடி, 20 நொடி முழு பலத்தோடு மிதிக்கும் வெடிப்புகள் இருக்கிற பயிற்சி என்றால் எர்க்கையே அணைத்துவிடுங்கள். பாரம் ஏறி முடிப்பதற்குள் அந்த வெடிப்பு முடிந்துபோயிருக்கும்.

எஃப்டிபி என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலோர் செய்வது ரேம்ப் டெஸ்ட், நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறும், கால் கைவிடும்வரை போக வேண்டும், கடைசியாகக் கிடைத்த நல்ல ஒரு நிமிடத்தில் 75 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். சுலபம்தான், ஆனால் குறுகிய வெடிப்பில் கெட்டிக்காரர்களுக்கு இது நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும், அப்புறம் அந்த எண்ணை வைத்துப் போடும் எல்லாப் பயிற்சியும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாகி ஜனவரி நடுவில் ஆளைக் கவிழ்க்கும். 20 நிமிட டெஸ்ட் செய்து அதன் சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுப்பது இன்னும் கொடுமை, இன்னும் நேர்மை. சந்தேகம் வந்தால் 5 சதவீதம் குறைத்து வையுங்கள். குளிர்காலம் நீளமானது.

ஆப்புக்கு வருவோம். ஸ்விஃப்ட் 2014இல் சோதனை முறையில் வந்தது, இப்போது மாதம் 20 அமெரிக்க டாலர். வட்டோப்பியா என்ற கற்பனைத் தீவு, எந்நேரமும் கூட ஓட்ட உலகம் முழுக்க ஆட்கள். பிரான்சின் ஆல்ப் டுவேஸ் மலையை அப்படியே பெயர்த்து ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்று வைத்திருக்கிறார்கள்: 21 கொண்டை ஊசி வளைவு, 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் எர்க் மோடில் பயிற்சி செய்தபடி அந்த மலையில் ஏறினால் காலுக்கு மலையே தெரியாது, திரையில் வேகம் மட்டும் மணிக்கு 11, 12 கிலோமீட்டர் என்று இறங்கும், 216 வாட் என்றால் அங்கேயும் 216, கடற்கரைச் சாலையிலும் 216. பலரும் வேண்டுமென்றே மலையில் போய் இந்த மாதிரிப் பயிற்சி செய்வார்கள், ஏனென்றால் மொத்தம் 50,000 மீட்டர் ஏறினால் திரையில் ஓட்ட ஒரு மினுமினுக்கும் சைக்கிள் பரிசு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறுப்பதற்கில்லை.

ஸ்விஃப்டின் பலம் பயிற்சித் திட்டத்தில் இல்லை, நம்மை சைக்கிளில் ஏற்றி உட்கார வைப்பதில் இருக்கிறது. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வெளியே மைனஸ் பன்னிரண்டு, சோஃபா கூப்பிடுகிறது, அந்த நேரத்தில் நாலு நண்பர்கள் குழுவாக ஓட்டக் காத்திருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். அதுவே அதன் பலவீனமும். "இன்று லேசாக ஒரு மணி நேரம்" என்று ஏறுவோம், பக்கத்தில் ஒருவர் முந்திக்கொண்டு போவார், ரோஷம் வரும், லேசான நாள் பந்தயமாகிவிடும். லேசான நாள் லேசாக இல்லாவிட்டால் வியாழக்கிழமை கடின நாளும் கடினமாக இருக்காது, இரண்டுமே நடுவாந்திரமாகிப் போகும். பந்தயங்களில் எடைக்கு இத்தனை வாட் என்று கணக்கு வருவதால் எடையைக் குறைத்துப் போடுகிற மகான்களும் இருக்கிறார்கள். வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து மூன்று கிலோ பொய் சொல்லி யாரை ஜெயிக்கப் போகிறார்களோ.

ட்ரெய்னர்ரோடு இதற்கு நேர் எதிர். திரையில் நீலப் பட்டைகள், ஒரு கோடு, சில வரி அறிவுரை, அவ்வளவுதான், மலையும் இல்லை, மனிதரும் இல்லை. விலை ஸ்விஃப்டைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் எந்த மாதம் எந்தப் பந்தயம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று சொன்னால் மார்ச் வரை நாட்காட்டியை நிரப்பித் தந்துவிடும். ஒரு பயிற்சியில் தோற்றாலும், முடித்துவிட்டு "ரொம்பக் கஷ்டம்" என்று அழுத்தினாலும், அடுத்தடுத்த பயிற்சிகளைத் தானே மாற்றிக்கொள்ளும். கோச் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு இதுதான் நெருங்கிய மாற்று. எனக்கு உடம்பில் நிஜமாக முன்னேற்றம் தெரிந்தது இதில்தான். சலிப்பும் இதில்தான், அதனால் பக்கத்தில் லேப்டாப்பில் கிரிக்கெட்டை ஓடவிட்டு ஓட்டுகிறேன். இப்போது இதன் பயிற்சிகளை ஸ்விஃப்டுக்குள்ளேயே ஓட்ட இணைப்பு உண்டு, இரண்டுக்கும் பணம் கட்டத் தயாராக இருந்தால். நான் கட்டமாட்டேன்.

மைவூஷ் அபுதாபிக்காரர்களுடையது, முழுக்க இலவசம். இலவசம்தானே என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம், 2024 உலகச் சைக்கிள் இ-ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஷிப்பே இதில்தான் நடந்தது. பயிற்சித் திட்டங்கள் உண்டு, எர்க் நன்றாகவே வேலை செய்கிறது, உலகம் ஸ்விஃப்ட் அளவுக்கு உயிரோட்டமாக இல்லை என்பது என் அபிப்பிராயம். முதல் குளிர்காலம் என்றால் இதிலிருந்தே தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்தும் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தால் அப்புறம் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஃபேன் விஷயம். 200 வாட் மிதிக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட மிதிக்குப் போவதில்லை, மீதி 600 வாட்டுக்கு மேல் சூடாக வெளியே வருகிறது. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் அது நம்மைச் சுற்றியே நிற்கும். ஃபேன் சரியில்லாவிட்டால் அதே வாட்டில் அரை மணி கழித்து இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும், பயிற்சி தோற்கும், "எஃப்டிபி குறைந்துவிட்டது" என்று புலம்புவோம். குறைந்தது எஃப்டிபி இல்லை, காற்று. மேசை ஃபேன் பத்தாது. தரையில் வைத்துப் பட்டறைகளில் ஈரம் உலர்த்துவார்களே, அந்த மாதிரி ஒன்று நெஞ்சைப் பார்த்து, இன்னொன்று பக்கவாட்டில், ஜன்னலைக் கால்வாசி திறந்துவிட்டால் கனடா தன் பங்கைச் செய்துவிடும். அப்படியும் வியர்வை சொட்டும். ஹேண்டில்பார் மேலிருந்து வழிந்து அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் தலைக்குள்ளும், ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்குக்குள்ளும் இறங்கும், ஒரு குளிர்காலத்தில் போல்ட் தலை பழுப்பாகிவிடும். ஒரு துண்டைக் குறுக்கே போடுங்கள், முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், மாதம் ஒரு தடவை ஹேண்டில்பார் டேப்பைத் தூக்கி அடியில் பாருங்கள்.

சத்தம் குறைவு என்று விளம்பரம் சொல்வது காற்றில் வரும் சத்தத்துக்கு உண்மை. தரை வழியாக இறங்கும் அதிர்வு வேறு விஷயம். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒருநாள் லிஃப்டில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, மேல கிரைண்டர் ஓடுற மாதிரிக் கேக்குது, உந்த நேரத்தில என்ன அரைக்கிறியள்?" தடிமனான ரப்பர் பாய் இரண்டு அடுக்கு, நடுவில் பழைய கம்பளம், எட்டரைக்குள் முடிப்பது என்று சமாதானம் ஆயிற்று.

வாங்கிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். "எல்லாம் உள்ளே இருக்கு" என்றார்கள், வீட்டில் திறந்தால் கேசட் இல்லை, போன் செய்தால் அது தனி விலையாம். வாங்கும்போதே உங்கள் சைக்கிள் எத்தனை ஸ்பீடு, பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) க்விக் ரிலீஸா 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலா என்று சொல்லி, கேசட்டும் அடாப்டரும் பெட்டியில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இப்போது ஸ்விஃப்ட் காக் என்ற ஒற்றைப் பல்சக்கரத்தோடு வரும் மாடலும் உண்டு, கியர் மாற்றுவது மின்னணு வழியில் நடக்கும், வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதச் சைக்கிளோடு இருந்தால் அதுவே தோது.

புதிதாகத்தான் வேண்டும் என்று இல்லாவிட்டால் ஏப்ரல்வரை பொறுத்திருங்கள். ஜனவரி ஆசையில் வாங்கியவர்கள் பாதி விலைக்கு விற்கப் போடுவது அப்போதுதான். போய்ப் பார்க்கும்போது உங்கள் சைக்கிளைக் கையோடு எடுத்துப் போய் மாட்டி, எர்க்கில் 250 வாட் வைத்து ஐந்து நிமிடம் மிதித்துப் பாருங்கள். உள்ளே ஃப்ளைவீலைச் சுற்ற வைக்கும் பெல்ட் வழுக்கினால் மிதியில் சட்டென்று ஒரு வெற்றிடம் தட்டும், பேரிங் போயிருந்தால் மிதிப்பதை நிறுத்தியதும் ஃப்ளைவீல் கரகரவென்று சுற்றும். இரண்டில் எது இருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.