தவறு செய்த மாணவனை மந்திரப் பள்ளி என்ன செய்கிறது?

சேலத்தைச் சுற்றி விடுதிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ராசிபுரம், நாமக்கல் பக்கம் போனால் இன்னும் அதிகம். ஏற்காடு மலைமேல் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிருந்தே இருக்கிறது. அதனால், வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கி மந்திரம் படிக்கும் பிள்ளைகளின் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது. மணியடித்தால் எழுவதும், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதும், விளக்கணைத்த பிறகு கிசுகிசுப்பதும் அவர்களுக்கு அத்துப்படி. கோடை விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் தரலாம் என்றால் எல்லோரும் ஹாரி பாட்டர் என்றுதான் சொல்கிறார்கள். நான் அதனுடன் இன்னும் இரண்டை வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, 1968-ல் வந்த அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. இன்னொன்று, 2011-ல் வந்த நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்'.

எந்த மந்திரம் பெரியது, எந்த வில்லன் பயங்கரமானவன் என்று அளக்கப் போவதில்லை. தவறு செய்துவிட்ட மாணவனை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான் என் அளவுகோல். இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது. கஞ்சமலைக்கு மூலிகை தேடி ஒரு குருவும் வயதான சீடரும் வந்தார்களாம். குரு வெளியே போயிருந்த நேரம், சீடர் கையில் கிடைத்த குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போனது. குரு கோபிப்பாரே என்று பயந்து அதைத் தானே தின்றுவிட்டார். கிழவர் இளைஞரானார். சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் இதை அதிசயக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அந்தப் பயம். தேடி வந்த பொருளே கைக்குக் கிடைத்தும் அதை குருவிடம் காட்டத் துணிவில்லாத ஒரு மாணவன். மார்க் குறைந்த விடைத்தாளைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வரும் பிள்ளையை அறிந்தவர்களுக்கு அவரைப் புரியும்.

1997-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் நூலில் இந்தப் பயம் நிறைய இருக்கிறது. நள்ளிரவில் அறையை விட்டு வெளியே திரிந்ததற்காக ஹாரி, ஹெர்மயனி, நெவில் மூவருக்கும் தலைக்கு 50 புள்ளிகள் போகின்றன. ஒரே இரவில் 150. மறுநாள் அவர்களுடைய இல்லத்தைச் சேர்ந்த பிள்ளைகளே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரேங்க் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பள்ளியில் படித்தவர்கள் இந்தப் பக்கங்களைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. தண்டனையாக, ஆபத்து உலவும் காட்டுக்குள் இரவில் அனுப்பப்படுகிறார்கள். வயதோ பதினொன்றுதான். கடைசியில் புள்ளிகள் திரும்பக் கிடைக்கின்றன. நண்பர்களையே எதிர்த்து நின்ற துணிச்சலுக்காக நெவிலுக்குக் கிடைக்கும் 10 புள்ளிகள்தான் அந்த ஆண்டின் சிறந்த இல்லத்துக்கான கோப்பையைத் தீர்மானிக்கின்றன. படிக்கும் பிள்ளை துள்ளிக் குதிக்கும். ஆனால் புள்ளி போட்டு மனிதரை அளப்பது சரியா என்று அந்த நூல் கேட்பதில்லை.

2003-ல் வந்த ஐந்தாவது நூல் அதைக் கேட்கிறது. அதனாலேயே ஏழில் அதை உயர்ந்ததாகக் கருதுகிறேன். அம்ப்ரிஜ் என்ற ஆசிரியை தற்காப்பு மந்திரத்தைச் செய்து பழகவே விடுவதில்லை. புத்தகத்தை வாசி, போதும் என்கிறார். எதிர்த்துப் பேசியவனின் புறங்கையில் தண்டனை வாக்கியம் வெட்டுக்காயமாகப் பதிகிறது. பிள்ளைகள் ரகசியமாகக் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகுகிறார்கள். ஹாரி அங்கே ஆசிரியனாகிறான். மந்திரம் சரியாக வராதவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மறுபடி செய் என்கிறார்கள். மனப்பாடமே படிப்பு என்று ஆகிவிட்ட இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அத்தியாயங்கள் பெரிய ஆறுதல். என்ன, அங்கே போய்ச் சேர நான்கு தடித்த நூல்களைக் கடக்க வேண்டும்.

'அகாட்டா விட்ச்' நைஜீரியாவின் அபா நகரத்துக் கதை. விடுதி கிடையாது. சன்னி பகலில் சாதாரணப் பள்ளிக்குப் போகிறாள், மந்திரப் படிப்பைத் தனியாகப் படிக்கிறாள். பள்ளியும் டியூஷனுமாக ஓடும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். தொடக்கத்திலேயே ஆசிரியை பிரம்பை அவள் கையில் கொடுத்து, சரியாக எழுதாத வகுப்புத் தோழர்களை அடிக்கச் சொல்கிறார். அவள் மறுக்கிறாள். அதற்கும் அவளே அடி வாங்க நேர்கிறது. சன்னிக்குப் பிறவியிலேயே நிறமி குறைவு, வெயிலில் கால்பந்து ஆட முடியாது. அவள் நண்பன் ஓர்லுவுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதே சிரமம். மந்திரச் சமூகத்தில் அந்தக் குறைதான் அவனுடைய வரம்: பிறர் போட்ட மந்திரத்தை அவிழ்க்கும் ஆற்றல் அவன் கைகளில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் வானத்திலிருந்து சிட்டிம் என்ற காசு விழும். கற்றதற்குத்தான் கூலி, முதலிடத்துக்கு அல்ல. அந்த மந்திரச் சமூகத்தை ஆளும் நூலகச் சபை கண்டிப்பானது, அங்கேயும் தண்டனைகள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் வாசிப்பில் திணறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணையாக ஒரு புத்தகத்தை நான் பார்க்கவில்லை.

எர்த்ஸீ வேறு தளம். ஆடு மேய்க்கும் சிறுவன் கெட், ஓஜியன் என்ற குருவிடம் சேர்கிறான். மழையை விரட்டத் தெரிந்தவர் ஓஜியன். ஆனாலும் நனைந்துகொண்டே நடப்பார். அந்தப் பொறுமை சிறுவனுக்குப் பிடிபடவில்லை. ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே முதல் பாடமே அளவு பற்றியது: ஒரு கூழாங்கல்லை உண்மையாகவே மாற்றினாலும் உலகத்தின் சமநிலை அசையும். கெட் கெட்டிக்காரன், கர்வக்காரன். சக மாணவனின் சீண்டலுக்குப் பதில் சொல்ல இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே ஒரு நிழல் வெளியேறி அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடியதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார்.

ஒரு மாணவனின் வீம்புக்கு ஆசிரியர் இறந்துபோனார். இனி என்ன? பள்ளி அவனை வெளியேற்றவில்லை. புள்ளி குறைக்கவில்லை. காயம் ஆறும்வரை பார்த்துக்கொண்டது. புதிய தலைவர் நடந்ததை மறைக்காமல் அவனிடம் சொல்கிறார்: அந்த நிழல் உன்னைத் தேடுகிறது, வலுப்பெறும்வரை இங்கேயே இரு. வேகமாகப் படித்தவன் இப்போது மெதுவாகப் படிக்கிறான். முன்பு அவனை வியந்தவர்கள் ஒதுங்கிப்போக, வெட்ச் என்ற நண்பன் மட்டும் தன் மெய்ப்பெயரைச் சொல்கிறான். அந்த உலகில் மெய்ப்பெயரைச் சொல்வது உயிரைக் கையில் கொடுப்பது. தண்டிப்பவர் யாருமில்லை, ஆனால் தவறு அவனை விடுவதுமில்லை. அதைக் கெட் தானே எதிர்கொண்டாக வேண்டும். கண்டிப்பு, கருணை இரண்டும் இவ்வளவு சரியாக அமைந்த பள்ளியை மற்ற இரண்டிலும் காண முடியவில்லை. ஆகவே என் முதல் தேர்வு எர்த்ஸீ. பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டாயம் கொடுப்பேன்.

இதில் பெரிய குறை ஒன்று உண்டு. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை; பெண்களின் மந்திரம் மட்டம் என்ற பேச்சும் கதைக்குள் வருகிறது. லெ குவினே 1990-ல் எழுதிய 'தெஹானு'வில் அந்த ஏற்பாட்டைக் கேள்விக்கு உள்ளாக்கினார். பெண் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது சன்னியின் கதையை முதலில் கொடுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை ஹாரி பாட்டருக்கே வசதி: பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே வாசிக்கலாம். 'அகாட்டா விட்ச்'சின் ஆங்கிலம் எளிது. எர்த்ஸீயின் ஆங்கிலம் நிதானமானது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்து, இடையிடையே தமிழில் சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். நூலும் சிறியது. ஒன்பது வயதுக்குக் கீழே என்றால் மூன்றும் வேண்டாம்; 1974-ல் வந்த ஜில் மர்ஃபியின் 'தி வொர்ஸ்ட் விட்ச்' போதும். அதில் வரும் மில்ட்ரெட் செய்வதெல்லாம் தவறுதான்.