வருஷச் சந்தா 1,200 ரூபாய்: ஃபிலிம் கிளப்பில் சேர்ந்த கதை

வடபழனியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிற ஒரு ஃபிலிம் கிளப்பில் போன வருஷம் சேர்ந்தேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், நடத்துகிறவர்களோ நல்ல மனிதர்கள். வருஷத்துக்கு 1,200 ரூபாய், ஒரு நாள் மட்டும் போய்ப் பார்க்க 100 ரூபாய். "எல்லாப் படமும் போனிலேயே கிடக்குது, இதுக்குப் போய் யாராவது காசு கொடுப்பாங்களா" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஏற்பாடு இப்படி. முதல் ஞாயிறு பழைய படம், அங்கேயே போட்டு, முடிந்ததும் பேச்சு. மூன்றாவது ஞாயிறு புதுப்படம், ஆனால் அதை அவர்கள் திரையிடுவதில்லை, அவரவர் தியேட்டரில் பார்த்துவிட்டு வர வேண்டும், அங்கே பேச்சு மட்டும்தான். ஓடிடியில் வந்த பிறகாவது போடலாமே என்று நான்கூடக் கேட்டேன். அந்தச் சந்தா வீட்டில் பார்க்க மட்டும்தானாம், ஹாலில் போட வேண்டுமென்றால் தனியாக உரிமை வாங்க வேண்டும், ஐம்பது பேர் கூட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. சரி.

வசதி என்று பார்த்தால் சுமார்தான். பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதுகு கெஞ்சும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள், ஒரு ஓரம் எப்போதும் அவிழ்ந்து சாயங்கால வெயில் சரியாகத் திரையின் மூலையில் விழுகிறது. ஏசி உண்டு, போட்டால் அதன் சத்தத்தில் வசனம் கேட்காது என்று பாதி நேரம் அணைத்துவிடுவார்கள். டீ நன்றாக இருக்கும், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் போன முதல் ஞாயிறு 'அந்த நாள்'. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்து 1954-இல் வந்த படம், பாட்டே கிடையாது, அந்தக் காலத்தில் தமிழில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை யோசித்துப் பாருங்கள். திரையில் வெளிச்சம் வந்ததும் சிவாஜி முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிகிறது. பழைய படங்கள் கிட்டத்தட்ட சதுரமான சட்டத்தில் எடுத்தவை, அதை இந்தக் கால அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து போய், ரிமோட்டை வாங்கி இரண்டு பொத்தானை அழுத்தினார், இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்து சிவாஜி சிவாஜியாகிவிட்டார்.

அவர் முன்பு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவராம். டீ வேளையில் சொன்னார்: "மேல் வலது மூலையில் சின்னதா ஒரு புள்ளி வந்து போச்சே, பார்த்தீங்களா?" ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு ரீல் முடியப் போகிறது, பக்கத்து மெஷினை ஓட்டு என்று ஆபரேட்டருக்கு அடையாளமாம் அது. 2,000 அடி ரீல் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அதனால் படம் முழுக்க அந்த மூலையிலேயே ஒரு கண் இருக்குமாம், "கதையை நான் முழுசா பார்த்ததே ரிட்டயர் ஆன பிறகுதான் தம்பி" என்றார். அன்றிலிருந்து எந்தப் பழைய படம் பார்த்தாலும் என் கண் அந்த மூலைக்குப் போய்விடுகிறது. 1,200 ரூபாயில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சண்டை. 'ரஷோமான்' காப்பிதானே என்று ஒரு ஐ.டி. பையன் ஆரம்பித்தான். ஜப்பான் இயக்குநர் குரோசவாவின் அந்தப் படம் 1950, இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-இல் நடந்து சென்னைக்கும் வந்தபோது அதில் 'ரஷோமான்' இருந்தது, பாலசந்தருக்கு அதன் பாதிப்பு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அதுல ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு மாதிரி சொல்வாங்க, கடைசிவரை எது நிஜம்னு தெரியாது. இதுல போலீஸ் கண்டுபிடிச்சிடுறாங்களே, அப்புறம் எப்படி காப்பி?" பையனிடம் பதில் இல்லை, எனக்கும் அதுவரை தோன்றாத விஷயம். 'அந்த நாள்' கதை இது: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் காலையில் சென்னையில் நடக்கிற கொலை, செத்தவன் ரேடியோ என்ஜினீயர், ஒவ்வொருவர் சொல்கிற கதையிலும் அவன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான், இங்கே மாறுவது சம்பவம் அல்ல, மனிதன். இது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு உறைத்தது. கொலைகாரர் யார் என்று நான் இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அன்று படம் போடுவதற்கு முன் "இந்தப் படத்தின் சிறப்பே" என்று ஆரம்பித்து அதைச் சொல்லியே விட்டார் ஒருங்கிணைப்பாளர். கூட்டத்தில் பாதிப் பேர் முதல் முறை பார்க்க வந்தவர்கள்.

அவரைப் பற்றித்தான் என் முதல் புகாரே. மைக் கையில் வந்தால் இருபது நிமிஷம். இருக்கிற ஒரு மணி நேரத்தில் அவர் இருபது, அவர் கூட்டி வருகிற விருந்தினர் இருபது, மிச்சத்தில்தான் நாம். உருப்படியான பேச்சு எல்லாம் மைக்கை அணைத்த பிறகு மாடிப்படியில்தான் நடக்கிறது.

புதுப்பட ஞாயிறுகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அவரும் அப்போதுதான் பார்த்திருப்பார், மேற்கோள் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு தடவை பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யைப் பேச எடுத்தார்கள், 2024 ஆகஸ்டில் வந்த படம், பின்னணி இசையே இல்லாமல் எடுத்தது. "தியேட்டரில் பாப்கார்ன் கடிக்கிற சத்தம்தான் பின்னணி இசை" என்று ஒருவர் நக்கலடிக்க, ஆபரேட்டர் பெரியவர் விடவில்லை. சூரிக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரக்கிறது, நாயகி அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை, ஆட்டோ இன்ஜின் சத்தமும் சேவல் சத்தமும்தான் பேசுகிறது, அங்கே வயலினைப் போட்டால் அழ வேண்டிய இடத்தை நமக்குக் காட்டிக் கொடுத்தது மாதிரி ஆகாதா என்றார். அப்போது அந்தக் கல்லூரிப் பெண், "அப்போ பாலசந்தர் பாட்டை எடுத்தார், இப்போ இவர் இசையையே எடுத்துட்டார், எழுபது வருஷம் ஆகியிருக்கு சார்" என்றாள். பெரியவர் சிரித்துவிட்டார். முடிவை நம்மிடமே விட்டுவிட்டது ஏமாற்று வேலையா இல்லையா என்று எட்டரை மணி வரை அடித்துக்கொண்டோம், வாட்ச்மேன் விளக்கை அணைத்து எங்களைக் கீழே அனுப்பினார். எனக்கு இன்னமும் அந்த முடிவு பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

வேறு குறைகள்: படப் பட்டியல் வாட்ஸப்பில் முந்தின நாள் ராத்திரிதான் வரும். பெண்கள் வருவது குறைவு, இரண்டாவது மாடியில் கழிப்பறை ஒன்றே ஒன்று என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நேரடியாகவே சொன்னார்கள், செயற்குழு தலையாட்டியது, இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பதே பிடித்தவர்களுக்கு இது வேண்டாம், காசு வீண். படம் முடிந்து வெளியே வந்ததும் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று கை பரபரக்கிறவர்கள் முதலில் 100 ரூபாய் கொடுத்து ஒரு நாள் வந்து பாருங்கள், மைக் அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அப்புறம், வண்டியில் வருகிறவர்கள் கோயில் பக்கத்துத் தெருவில் நிறுத்தாதீர்கள், முகூர்த்த ஞாயிறாக இருந்தால் ராத்திரி வரை எடுக்க முடியாது.