கோத்தகிரியிலிருந்து சலமாங்கா ஸ்பானிஷ் வகுப்பு

ஸ்பெயினின் சலமாங்கா நகரப் பள்ளி ஒன்றின் ஆன்லைன் ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு இது. அங்கே காலை 9 என்றால் இங்கே பகல் 12.30, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 1.30. மழைக்காலத்தில் கரண்ட் போகும், மோடத்துக்குத் தனி யுபிஎஸ் இல்லாமல் சேராதீர்கள்.

பாடம் அருமை, ஆனால் விளக்கம் இங்கிலீஷில். அங்கேதான் சிக்கல். 'மே குஸ்தா எல் தே' என்பதை இங்கிலீஷ் வழியாகப் பிடித்தால் தலைகீழாகத் தெரியும். தமிழில் அது அப்படியே 'எனக்கு டீ பிடிக்கும்'. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', 'நான்' வேண்டாம். 'நாதா'வில் (ஒன்றுமில்லை) வரும் தா, 'அது'வின் து போல மெல்லியது. 'பெரோ' என்றால் ஆனால்; ர உருண்டால் நாய்!

நம்மவர்கள் சறுக்குவது பால் வேறுபாட்டில். மேசைகூடப் பெண்பால். 'மேசா' என்று மட்டும் நோட்டில் எழுதாமல் பெண்பாலைக் காட்டும் 'லா'வோடு 'லா மேசா' என்றே எழுதுங்கள். 'மாப்பா' (வரைபடம்) ஆ-வில் முடிந்தும் ஆண்பால், 'மானோ' (கை) ஓ-வில் முடிந்தும் பெண்பால். இதற்குப் பள்ளி தரும் பயிற்சி போதாது.

பள்ளிச் சான்றிதழை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஸ்பானிஷ் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வு தனி; டெலே சான்றிதழ் காலாவதியாகாது. இன்னொரு ஸ்பானிஷ் தேர்வான சியேலேவின் சான்றிதழ் 5 ஆண்டுதான் செல்லும்.