கைவினைப் பொருள் கூகுளில் தெரிய வேண்டுமா? பெரிய சந்தை, சின்னச் சந்தை, சொந்தத் தளம்: ஓர் ஒப்பீடு

கையால் செய்த பொருளை இணையத்தில் விற்கிற எல்லோரும் ஒரு நாள் இதைச் செய்து பார்த்திருப்பார்கள். தான் விற்கும் பொருளைக் கூகுளில் தட்டி, முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்து, எங்கேயும் தன் கடை இல்லை என்று தெரிந்ததும் லேப்டாப்பை மூடிவிடுவது. நான் குரோஷா ஊசியால் பொம்மை பின்னி விற்கிறேன். ஒரு முயல் பொம்மை முடிய எனக்கு இரண்டு முழு நாள் பிடிக்கும், காது தைக்கும்போது விரல் மரத்துப்போகும். அப்படிச் செய்ததை யாரும் பார்க்கவே இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும்.

"எஸ்.இ.ஓ. சரியில்லை, அதைச் சரிசெய்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். தேடுபொறியில் மேலே வரும்படி பக்கத்தை அமைப்பதைத்தான் எஸ்.இ.ஓ. என்கிறார்கள். ஆனால் கடையை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கையில் இருக்கும் சாவிகளே மாறிவிடும். அதனால் கட்டணம், வசதி, டிசைன் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டே கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தேடுகிறவர் கண்ணில் படுவோமா? பட்டால், அந்தப் பலன் யார் கணக்கில் சேர்கிறது?

பெரிய சந்தை

பலரும் கடை போட்டு விற்கும் இணையச் சந்தைகளில், 2005இல் தொடங்கிய எட்ஸிதான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தேடல் ஒன்றல்ல, இரண்டு. எட்ஸிக்குள் இருக்கும் தேடல் பெட்டி ஒன்று, கூகுள் இன்னொன்று. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்கு வைக்க வேண்டிய மருந்தை இன்னொன்றுக்கு வைக்கிறார்கள்.

உள்தேடலுக்கு ஒவ்வொரு லிஸ்டிங்கிலும் (ஒரு பொருளுக்கான பக்கம்) 13 டேக் (பொருளைச் சொல்லும் தேடுசொல்) தருகிறார்கள், ஒவ்வொன்றும் இடைவெளியும் சேர்த்து 20 எழுத்துக்குள். தலைப்புக்கு 140 எழுத்து. வாங்குபவர் தட்டுகிற சொல் தலைப்பு, டேக், வகை, பண்புகள் இவற்றோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அப்புறம் அந்த லிஸ்டிங்கைப் பார்த்தவர்கள் எவ்வளவு பேர் கிளிக் செய்து வாங்கினார்கள், அனுப்பும் செலவு எவ்வளவு, கடையின் பழைய வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்து வரிசைப்படுத்துவார்கள். இது உழைத்தால் பலன் தெரிகிற இடம். என் முதல் முயலுக்கு "நிலாக்குட்டி" என்று பெயர் வைத்து அதையே தலைப்பாகவும் போட்டிருந்தேன். உலகத்தில் யாரும் நிலாக்குட்டி என்று தேடப்போவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "குரோஷா முயல் பொம்மை, பருத்தி நூல், பிறந்த குழந்தைக்குப் பரிசு" என்று மாற்றி, நிலாக்குட்டியை விவரணையின் இரண்டாவது வரிக்குத் தள்ளிய பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கூகுள் பக்கம் வந்தால் கதை வேறு. எட்ஸியின் டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, கூகுளில் பெரிய மதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் "குரோஷா முயல் பொம்மை" போன்ற பொதுச் சொல்லுக்கு மேலே வருவது பெரும்பாலும் எட்ஸியின் தொகுப்புப் பக்கம், உங்கள் லிஸ்டிங் அல்ல. அந்தப் பக்கத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான முயல்கள் நிற்கும், அதில் உங்களுடையதும் ஒன்று. உங்கள் லிஸ்டிங்குக்கே நேராக ஒருவர் வந்துவிட்டாலும் கீழே வரிசையாக அடுத்தவர் பொருள்களும் காட்டப்படும். நீங்கள் எழுதிய விவரணை, எடுத்த படம், வாங்குபவர்களிடம் பெற்ற விமர்சனம் எல்லாம் சேர்ந்து முதலில் வளர்ப்பது சந்தையின் பெயரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் எட்ஸி வெளிவிளம்பரத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கூகுள் போன்ற இடங்களில் அவர்களே காசு கொடுத்து உங்கள் பொருளை விளம்பரம் செய்வார்கள். அதைக் கிளிக் செய்தவர் 30 நாளுக்குள் உங்கள் கடையில் வாங்கினால் அந்த விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். 12 மாத விற்பனை 10,000 டாலரைத் தொட்ட கடைகளுக்கு 12 விழுக்காடு, ஆனால் அவர்கள் திட்டத்தைவிட்டு விலக முடியாது. சின்னக் கடைகள் விலகிக்கொள்ளலாம். வழக்கமான விற்பனைக் கட்டணமும் 3.5இலிருந்து 2018இல் 5 ஆகி, 2022 ஏப்ரலில் 6.5 விழுக்காடானது. அந்த மாதம் ஏராளமான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்பைக் காட்டினார்கள். கூகுளில் தெரிவதற்கு இது ஒரு வழி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் வேலை செய்கிற வழி. ஆனால் விளம்பரம் நின்ற நாளில் அந்த வெளிச்சமும் நின்றுவிடும்.

2015இல் வந்த அமேசான் ஹேண்ட்மேடைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விண்ணப்பித்து, கையால்தான் செய்கிறீர்கள் என்று காட்டிய பிறகே உள்ளே விடுகிறார்கள், அது நல்ல விஷயம். கமிஷன் 15 விழுக்காடு. தேடி வருகிற கூட்டம் மிகப் பெரியது. ஆனால் வாங்குபவர் "அமேசானில் வாங்கினேன்" என்றுதான் சொல்வார், செய்தவர் பெயர் அவர் நினைவில் நிற்பது அபூர்வம்.

சின்னச் சந்தை

இதில்தான் என் மனசு ரொம்ப நாள் கிடந்தது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னக் கைவினைச் சந்தையில் கடை போட்டேன். கட்டணம் குறைவு. மெயில் அனுப்பினால் ஒரு மனிதரே பதில் எழுதுவார். விற்பனையாளர்கள் ஒருவர் கடையை ஒருவர் பகிர்ந்துகொள்வார்கள், குடும்பம் மாதிரி இருந்தது. 42 பொம்மைகளை ஏற்றினேன். மூன்று மாதம் கழித்தும் கூகுளிலிருந்து ஒருவரும் வரவில்லை. என்னடா என்று, ஆங்கிலத்தில் "சைட்" என்ற சொல்லைப் போட்டு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கடை முகவரியை ஒட்டித் தேடினேன். அந்தக் கடையின் எந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்று அது காட்டும், ஆனால் துல்லியமான கணக்கைத் தராது, அதனால் ஒவ்வொரு பொம்மையின் முகவரியையும் தனித்தனியாகப் போட்டும் பார்த்தேன். 42இல் 7 பக்கம்தான் கூகுளிடம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பின்னால் தள்ளப்பட்டிருப்பது வேறு, கூகுள் வைத்திருக்கும் பக்கப் பட்டியலான இண்டெக்ஸிலேயே இல்லாமல் இருப்பது வேறு. முதலாவதுக்குத் தலைப்பை மாற்றலாம், படத்தை மாற்றலாம், விவரணையை நீட்டலாம். இரண்டாவதில் நீங்கள் என்ன எழுதினாலும் அதைப் படிக்க ஆளே வரவில்லை என்று பொருள்.

ஏன் வரவில்லை என்று பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எல்லாப் பக்கத்தின் தலைப்பும் சந்தையின் பெயரும் அதன் முழக்கமுமாகத் தொடங்கியது, என் பொம்மையின் பெயர் கடைசியில் எங்கேயோ. விவரணை முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் ஓடிய பிறகுதான் திரையில் வரும், அதற்கு முன் பக்கம் வெறுமையாக இருக்கும். கூகுளால் அதையும் படிக்க முடியும், ஆனால் தாமதமாகலாம், சில நேரம் தவறியும் போகலாம். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப் பழையதாகவே கிடந்தது. என் பொருளுக்குப் போக வேண்டுமானால் வகைப் பட்டியலில் பத்தொன்பது பக்கம் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவு ஆழத்துக்குத் தேடுபொறியின் ரோபோ அடிக்கடி இறங்குவதில்லை. லிஸ்டிங் காலாவதியாகி நான் புதுப்பித்தால் முகவரியே மாறிவிடும், பழைய முகவரி செத்த பக்கமாக நிற்கும். இதில் எதையும் விற்பனையாளராகிய நான் தொட முடியாது. கேட்டபோது அன்பாகப் பதில் சொன்னார்கள், தேடுசொல் எழுதும் "கீவேர்ட்ஸ் பெட்டியை நன்றாக நிரப்புங்கள்" என்றார்கள். பக்கத்துக்குள் மறைவாக வைக்கும் அந்தக் கீவேர்ட்ஸ் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

என் பக்கமும் ஒரு தவறு இருந்தது. எட்ஸியில் போட்ட அதே விவரணையை ஒரு வரி மாறாமல் இங்கேயும் ஒட்டியிருந்தேன். ஒரே விவரணை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் பொதுவாக ஒன்றைத்தான் எடுத்துக் காட்டும், பெரும்பாலும் அது பெரிய டொமைனாகத்தான் இருக்கும். சின்னச் சந்தையில் கடை வைத்திருப்பவர்களில் நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள், நேரம் இல்லாமல்.

சரி, சின்னச் சந்தைகளே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கடை போடுவதற்கு முன் சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பத்துப் பேரின் பொருள்களை எடுத்துக் கூகுளில் தேடிப் பாருங்கள். பொருளின் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியும் வரவில்லை என்றால் அங்கே உங்கள் பொருளும் வராது. வந்தால், தாராளமாகப் போங்கள்.

ஒரு பயம் மட்டும் எப்போதும் உண்டு. ஜெர்மனியில் 2006இல் தொடங்கிய டவாண்டா என்ற சந்தை அந்த நாட்டின் கைவினைக்காரர்களுக்குப் பெரிய வீடாக இருந்தது. 2018 ஆகஸ்ட் 30ஆம் தேதி மூடிவிட்டார்கள், எட்ஸிக்குப் போங்கள் என்று வழிகாட்டினார்கள். அத்தனை ஆண்டுகள் வலைப்பதிவுகளிலும் நண்பர்கள் பக்கங்களிலும் டவாண்டா கடைக்குக் கொடுக்கப்பட்டிருந்த இணைப்புகளால் அதற்குப் பிறகு என்ன பயன்? கடை முகவரி நம்முடையது இல்லையென்றால் அதற்குச் சேர்ந்த நல்ல பெயரும் நம்முடையது இல்லை.

சொந்தத் தளம்

இணையக் கடை கட்ட உதவும் ஷாப்பிஃபையோ வூகாமர்ஸோ, எதில் கட்டினாலும் டொமைன் உங்கள் பெயரில் இருக்கும். நாளைக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடலாம். கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்துகொண்டால், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், எந்தப் பக்கம் இண்டெக்ஸில் இல்லை, ஏன் இல்லை என்று கூகுளே சொல்லும். சின்னச் சந்தையில் நான் இருட்டில் துழாவிய மூன்று மாதத்தை நினைத்துப் பார்க்கிறபோது இந்த ஒன்றே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2020 முதல் கூகுள் ஷாப்பிங் பகுதியில் காசில்லாமலும் பொருள்களைக் காட்ட முடிகிறது, அதற்குக் கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் தளம் கட்டிய மறுநாள் கூட்டம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது டொமைனைக் கூகுளுக்குத் தெரியாது, யாரும் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள். முதல் ஆறு மாதம் என் தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். சந்தையில் உள்தேடல் என்ற ஊற்று ஒன்று இருக்கும், இங்கே அதுவும் கிடையாது. இந்த வறட்சியைத் தாங்காமல்தான் பலர் நான்காவது மாதத்தில் தளத்தை மூடிவிட்டுச் சந்தைக்கே திரும்புகிறார்கள்.

கைவினைக்காரருக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொந்தத் தளத்தில்தான் சரியாகத் தீர்க்க முடிகிறது. நம் பொருள் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு பக்கம் போட்டு, கூகுள் அதைக் கண்டுபிடித்து, நாலு பேர் பார்க்கத் தொடங்குகிற நேரத்தில் பொருள் விற்றுவிடும். சந்தையில் விற்ற பொருளின் பக்கத்தில் உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. புதுப் பொம்மைக்குப் புதுப் பக்கம், மறுபடி பூஜ்யத்திலிருந்து. தொழிற்சாலைப் பொருளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஒரே பக்கம் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

நான் கடைசியில் செய்தது இதுதான். ஒவ்வொரு முயலுக்கும் தனிப் பக்கம் போடுவதை நிறுத்திவிட்டு, "குரோஷா முயல்கள்" என்று ஒரே ஒரு நிலையான பக்கம் வைத்தேன். இன்று என்ன முயல் கையில் இருக்கிறதோ அது மேலே. விற்றவை "விற்றுவிட்டது, இதுபோல் பின்னித் தரலாம்" என்ற குறிப்போடு கீழே. நடுவில், வாங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்குப் பதில்: கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணி வைத்திருக்கிறீர்களா, நூலால் தைத்திருக்கிறீர்களா? குழந்தை வாயில் வைத்தால் சாயம் போகுமா? வாஷிங் மெஷினில் போடலாமா? உள்ளே அடைத்திருப்பது என்ன? இந்தக் கேள்விகளை அவர்கள் என்னிடம் கேட்பதற்கு முன் கூகுளிடம்தான் கேட்கிறார்கள். "குரோஷா பொம்மையைத் துவைப்பது எப்படி" என்று தேடி அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் முயலையும் பார்த்தார்கள், சிலர் வாங்கினார்கள். சந்தையின் தொகுப்புப் பக்கத்தால் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. செய்தவருக்குத்தான் தெரியும்.

பின்ட்ரெஸ்ட்டைத் தனிக் கடையாக எண்ண வேண்டாம், அது வழிகாட்டிப் பலகை. 2010இல் வந்தது, படம் பார்த்துத் தேடுகிறவர்கள் கூடும் இடம். அங்கே போட்ட படம் மாதக்கணக்கில் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும், மற்ற சமூக ஊடகப் பதிவுபோல் இரண்டு நாளில் மங்குவதில்லை. அங்கிருந்து வரும் இணைப்பு கூகுளில் உங்கள் மதிப்பை ஏற்றாது, ஆட்கள் வருவது மட்டும்தான் பயன். படத்தைச் சொந்தத் தளத்தோடு இணையுங்கள்.

எது யாருக்கு

இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள், இந்த மாதமே நாலு விற்பனை நடந்தாக வேண்டும் என்றால் பெரிய சந்தைதான், யோசிக்கவே வேண்டாம். 13 டேக்கையும் நிரப்புங்கள், செல்லப்பெயரைத் தலைப்பிலிருந்து எடுங்கள். ஆனால் அதே வாரத்தில் ஒரு டொமைனையும் வாங்கி ஒரே ஒரு பக்கத்தையாவது போட்டுவையுங்கள், கூகுள் அன்றிலிருந்தே அதை அறிந்துகொள்ளத் தொடங்கட்டும். பொட்டலத்துக்குள் வைக்கும் அட்டையில் அந்த முகவரி இருக்கட்டும், சந்தையின் விதி அனுமதிக்கிற அளவுக்கு.

ஏற்கெனவே ஓரளவு விற்கிறீர்கள், கட்டணமும் விளம்பரப் பிடித்தமும் கையைக் கடிக்கிறது என்றால், புதிதாக எழுதுவதையெல்லாம் சொந்தத் தளத்தில் எழுதுங்கள், சந்தைக்குச் சுருக்கி, வேறு சொற்களில் கொடுங்கள். அதே பத்தியை இரண்டு இடத்திலும் ஒட்டாதீர்கள்.

சின்னச் சந்தையில் இருக்கிறவர்கள், இன்றைக்கே உங்கள் லிஸ்டிங்குகளின் முகவரியை ஒவ்வொன்றாகக் கூகுளில் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் இல்லையென்றால் நிர்வாகிகளுக்கு எழுதும்போது "விற்பனை இல்லை" என்று எழுதாமல், "இத்தனை பக்கம் இண்டெக்ஸில் இல்லை, சைட்மேப்பும் பக்கத் தலைப்பும் சரிபாருங்கள்" என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதிய பிறகு, இரண்டு மாதம் கழித்து, பக்கத் தலைப்பின் முன்னால் பொருளின் பெயர் வருமாறு மாற்றினார்கள். அதற்குள் நான் 42 பொம்மைகளில் பாதியைச் சொந்தத் தளத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். மீதிப் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது, இப்போது கூகுளுக்கும் தெரிகிறது.